கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டம்: சம்பளம் ஒன்று, விலை பல

அமெரிக்காவில் புதிதாகப் பட்டம் பெற்று வெளியே வருகிறவர்களின் வேலை நிலவரத்தை, அந்நாட்டு மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி பாடவாரியாகப் பிரித்து வெளியிட்டு வருகிறது. அந்தப் பட்டியலில் கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது போலீஸ், நீதிமன்றம், சிறை பற்றிய குற்றவியல் நீதிப் படிப்பு, ஒரு விநோதமான இடத்தில் இருக்கிறது. படிப்புக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்கள் என்ற கணக்கில் பல ஆண்டுகளாக இதற்கு முதலிடம் அல்லது அதை ஒட்டிய இடம். மூன்றில் இரண்டு பங்கினர், சில ஆண்டுகளில் அதற்கும் மேலானோர், பட்டம் தேவைப்படாத வேலையில் இருக்கிறார்கள். எல்லாப் பாடங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த விகிதம் 40 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதே பட்டியலில் வேலையே கிடைக்காதவர்கள் விகிதத்தைப் பார்த்தால் கிரிமினல் ஜஸ்டிஸ் ஒன்றும் கடைசியில் இல்லை.

முதல் எண்ணை மட்டும் படிப்பவர் பட்டம் வீண் என்பார். இரண்டாவதை மட்டும் படிப்பவர், கல்லூரியின் விளம்பரப் பிரிவில் இருந்தால் இன்னும் உரக்கவே, வேலை உறுதி என்பார். இரண்டு எண்ணும் சரிதான். 'படிப்புக்குக் குறைந்த வேலை' என்பதை வங்கி கணக்கிடும் விதம் இது: ஒரு வேலையைச் செய்ய நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்று அந்தத் துறையைச் சேர்ந்தவர்களில் பாதிப்பேராவது சொன்னால்தான் அது பட்டதாரி வேலை. போலீஸ் வேலை அந்த வரம்பைத் தாண்டுவதில்லை. ஆகவே கலிஃபோர்னியாவில் லட்சம் டாலர் வாங்கும் ரோந்துக் காவலரும், பேரங்காடி வாசலில் மணிக்கூலிக்கு நிற்கும் செக்யூரிட்டியும் இந்தக் கணக்கில் ஒரே கூடைக்குள் விழுகிறார்கள். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் காவல், பாதுகாப்பு சார்ந்த இளநிலைப் பட்டம் பெறும் நாட்டில், அந்தக் கூடை ரொம்பப் பெரியது.

இந்தப் பட்டத்துக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில் அதனால் பெரிய பயன் இல்லை. சம்பளம் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வேலை தருகிற அமைப்பின் சம்பள விதிப்புத்தகத்தில் இருக்கிறது. கடன் மட்டும்தான் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

சம்பளத்தையே முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒவ்வொரு தொழிலுக்கும் நடுச் சம்பளத்தை வெளியிடுகிறது. பாதிப்பேர் அதற்கு மேல் வாங்குவார்கள், பாதிப்பேர் கீழே. 2024 மே மாதக் கணக்கில் போலீஸ், துப்பறியும் அதிகாரிகளுக்கு அது ஏறக்குறைய 77,000 டாலர். தண்டனைக்குப் பதிலாகவோ அதன் ஒரு பகுதியாகவோ வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அதிகாரிகளுக்குச் சுமார் 64,000. சிறைக் காவலர்களுக்கு 58,000ஐ ஒட்டி. வழக்கறிஞர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் சட்ட உதவியாளர்களுக்குச் சுமார் 61,000. தனியார் துப்பறிவாளர்களுக்கு 52,000. செக்யூரிட்டிகளுக்கு 38,000 சொச்சம்.

இதே துறை ஒவ்வொரு தொழிலிலும் சேர வழக்கமாகத் தேவைப்படும் படிப்பையும் குறிப்பிடுகிறது. மேலே சொன்னவற்றில் அதிகம் சம்பாதிக்கும் போலீஸுக்குப் பள்ளிப் படிப்பு போதும். சிறைக் காவலருக்கும் அப்படியே. கண்டிப்பாக இளநிலைப் பட்டம் வேண்டும் என்பது நன்னடத்தை அதிகாரிக்குத்தான். அவர் சம்பளம் போலீஸ் சம்பளத்தைவிடக் குறைவு. பொதுவாக அமெரிக்காவில் பள்ளிப் படிப்போடு நின்றவரின் வாரச் சம்பளம் 2024இல் 930 டாலர், பட்டதாரிக்கு 1,543. பட்டம் கூடினால் பணம் கூடும் என்ற அந்தப் பொது ஏணி இந்தத் துறைக்குள் நுழைந்ததும் குழம்பிவிடுகிறது.

தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுத் தடய ஆய்வகக் கனவோடு இந்தப் படிப்பில் சேர்கிறவர்களும் உண்டு. தடய அறிவியல் தொழில்நுட்பர்களுக்கு நடுச் சம்பளம் 67,000 டாலரை ஒட்டி வருகிறது, உண்மைதான். ஆனால் ஆய்வகம் தேடுவது வேதியியலோ உயிரியலோ படித்தவரை. கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டம் அங்கே துணைப்பாடத்துக்கு நிகர்.

நடுச் சம்பளம் என்பது இருபது வருடம் பணி செய்தவரையும் சேர்த்துச் சொல்வது என்பதையும் மறக்கக்கூடாது. புதிதாகச் சேர்பவர் அதில் பல ஆயிரம் குறைவாகத்தான் தொடங்குவார். ஊருக்கு ஊர் வேறுபாடு அதைவிடப் பெரியது. கலிஃபோர்னியாவில் போலீஸாரின் சராசரிச் சம்பளம் லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மிசிசிப்பியில் அதில் பாதிகூட வராது. இங்கே மாநிலப் போலீஸ் என்று ஒரே அமைப்பு எல்லாவற்றையும் நடத்துவதில்லை. நகரம், மாவட்டம், மாநிலம், பல்கலைக்கழகம், பூங்கா என்று நாடு முழுக்கச் சுமார் 18,000 காவல் அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்பளப் பட்டியல், தனித் தகுதி விதி. நியூயார்க் நகரப் போலீஸில் அறுபதாயிரம் டாலர் வாக்கில் தொடங்கும் காவலர் ஐந்தரை ஆண்டில் படிப்படியாக லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். அந்தப் படிகளை ஏற்றுவது பணிக்காலமும் தொழிற்சங்க ஒப்பந்தமும். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று அந்தப் பட்டியலில் ஒரு பத்தியே கிடையாது.

வேலையில் இருந்தவர்களுக்காகப் பிறந்த படிப்பு

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் படிப்பின் பிறப்பைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் 1908இல் தன் காவலர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். படித்த போலீஸ் என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் அவரைத்தான் தந்தை என்பார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1935இல் இதற்கென்று ஒரு துறை கண்டது. ஆனாலும் 1960கள் வரை இது சில கல்லூரிகளின் தனி ஆர்வமாகத்தான் இருந்தது.

நகரங்களில் கலவரங்கள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1967இல், அதிபர் லிண்டன் ஜான்சன் நியமித்த குற்றத்தடுப்புக் கமிஷன் ஓர் அறிக்கை தந்தது. போலீஸ் அதிகாரம் உள்ள எல்லோருக்கும் ஒருநாள் இளநிலைப் பட்டம் இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, காவலர் கல்விக்கு ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. பணியில் இருந்த காவலர்கள் கல்லூரியில் சேர்ந்தால் கட்டணத்துக்கு மானியம். பணியில் சேரப்போகும் மாணவர்களுக்குக் கடன். சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும் கடனில் கால் பங்கு தள்ளுபடி. நான்கு ஆண்டு வேலை பார்த்தால் கடன் பூஜ்யம்.

அந்தப் பணம் வந்ததும் கல்லூரிகள் காளான் போலக் கிரிமினல் ஜஸ்டிஸ் துறைகளைத் திறந்தன. ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களே ஆசிரியர்கள். பணிப் பயிற்சியில் சொல்லித்தருவதையே வகுப்பிலும் சொல்லித்தந்தார்கள். 1978இல் லாரன்ஸ் ஷெர்மன் தலைமையில் எழுதப்பட்ட தேசியக் குழு அறிக்கை இதைக் கடுமையாகச் சாடியது. சேர்ந்தவரைப் படிக்கவைப்பதற்குப் பதில் படித்தவரைச் சேர்க்க வேண்டும் என்றது அது. நியாயமான யோசனை. ஆனால் காலம் ஒத்துழைக்கவில்லை. நிதி தந்த மத்திய அமைப்பு 1982இல் மூடப்பட்டது. படித்துவிட்டு வா என்ற பாதி நிலைத்தது. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற பாதி போய்விட்டது. காவல் அமைப்புகளோ பட்டத்தைக் கட்டாயமாக்கவே இல்லை. 2017இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி நான்காண்டுப் பட்டம் உள்ள காவலர்கள் சுமார் 30 சதவீதம்; ஐந்தில் நான்கு பங்கு காவல் அமைப்புகள் சேரும்போது பள்ளிப் படிப்பை மட்டுமே கேட்கின்றன.

வேலையும் சம்பளமும் கையில் இருந்தவருக்காக அரசு செலவில் கட்டப்பட்ட ஒரு படிப்பு, இன்று வேலை இல்லாத பதினெட்டு வயதுக்காரர் கடன் வாங்கிச் சேரும் படிப்பாகிவிட்டது. பாடத்திட்டம் அவ்வளவாக மாறவில்லை. செலவைச் சுமப்பவர்தான் மாறியிருக்கிறார்.

ஒரு சம்பளச் சீட்டு

கணக்கைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் ஒருவருக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்விக்கடன் முதலாண்டு 5,500 டாலர், இரண்டாமாண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500 வரை. நான்கு வருடத்தில் முடித்தால் 27,000. பட்டதாரிக் கடனாளிகளின் சராசரிக் கடனும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். வட்டி ஆண்டுதோறும் மாறும். 2025–26இல் வாங்குகிற கடனுக்கு 6.39 சதவீதம். சுமாராக 6.5 என்று வைத்துப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் 307 டாலர். மொத்தம் 36,800 கட்டியிருப்பார்.

இவர் ஒரு மாவட்டத்தில் நன்னடத்தை அதிகாரியாக 48,000 டாலரில் சேர்கிறார் என்று வையுங்கள். சிறு மாவட்டத்தில் தொடக்கச் சம்பளமாக இது நம்பக்கூடிய தொகை. மாதம் 4,000. ஓய்வூதியப் பிடித்தம் ஏழரை சதவீதம் என்றால் 300 போகும். முதுமைக்கால ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகள் 306. தனியாளுக்கு மத்திய வருமான வரி 270க்குச் சற்றுக் குறைவு. மாநில வரிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து இன்னொரு 250. கைக்கு வருவது 2,900க்குக் கொஞ்சம் கீழே. அதில் 307 கடன் தவணை. இறுக்கம்தான், ஆனாலும் குடித்தனம் நடக்கும்.

அதே மாணவர் விலை அதிகமான கல்லூரியில் சேர்ந்து 75,000 டாலர் கடனோடு வந்தால்? மாணவருக்கான அரசுக் கடன் அவ்வளவு கிடைக்காது. மிச்சத்தைத் தனியார் வங்கியிடமோ, ஏறக்குறைய 9 சதவீத வட்டியில் பெற்றோர் பெயரில் வாங்கும் அரசுக் கடனிலோதான் புரட்ட வேண்டும். அத்தனையும் அரசின் மலிவு வட்டியிலேயே கிடைத்துவிட்டது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மாதத் தவணை 850. கைக்கு வருவதில் ஏறக்குறைய முப்பது சதவீதம். அவருக்குப் பக்கத்து மேசையில், கட்டணம் குறைந்த, இரண்டாண்டுப் படிப்பு தரும் மாவட்டச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடமும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடமும் படித்து, பத்தாயிரம் டாலர் கடனோடு வந்த ஒருவர் இருப்பார். இருவருக்கும் ஒரே பதவி, ஒரே படி, ஒரே 48,000.

அமெரிக்கக் கல்வித்துறை 2023இல் கொண்டுவந்த ஒரு விதி, லாப நோக்குக் கல்லூரிகளின் படிப்புகளை அளக்க ஓர் அளவுகோல் வைத்தது. பட்டதாரியின் ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது அடிப்படைச் செலவு போக மிஞ்சுவதில் 20 சதவீதத்துக்குள். அந்த விதியின் அரசியல் கிடக்கட்டும். குடும்பத்துக்கு அந்த 8 சதவீதம் நல்ல கைக்கணக்கு. நம் முதல் மாணவர் 7.7 சதவீதத்தில் மயிரிழையில் தேறுகிறார். இரண்டாமவருக்கு 21.

கட்டண வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் கட்டணங்களை ஆண்டுதோறும் தொகுக்கும் காலேஜ் போர்டு அமைப்பின் 2024–25 கணக்கில் சமுதாயக் கல்லூரியின் சராசரி ஆண்டுக் கட்டணம் 4,050 டாலர், மாநிலத்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் 11,610, லாப நோக்கற்ற தனியார் கல்லூரியில் 43,350. தங்குமிடமும் சாப்பாடும் தனி. தனியார் கல்லூரிகள் பட்டியல் விலையில் தள்ளுபடி தருவது வழக்கம் என்பதால் 43,350ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுபக்கம், இந்தத் துறையில் நாடறிந்த பெயரான நியூயார்க் ஜான் ஜே கல்லூரி நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தவர்க்கு ஆண்டுக் கட்டணம் 6,930. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு 7,395 டாலர் வரை மத்திய அரசின் பெல் மானியம் கிடைக்கும், அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆகப் பெயர் பெற்ற கல்லூரியின் கட்டணத்தை மானியமே அடைத்துவிடுகிற நிலைமை இந்தப் பாடத்தில் உண்டு. விலை அதிகம் என்றால் தரம் அதிகம் என்ற நினைப்பு வேறு எங்கே பொருந்தினாலும் இங்கே பொருந்தவில்லை.

கதவு திறக்காத பட்டங்கள்

வெஸ்ட்வுட் கல்லூரி வழக்கை இந்தப் படிப்பில் சேர நினைக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிகாகோ பகுதியில் கிளைகள் வைத்திருந்த லாப நோக்குக் கல்லூரி அது. அதன் கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பை முன்வைத்து இலினாய் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியாக (அட்டர்னி ஜெனரல்) இருந்த லிசா மேடிகன் 2012இல் வழக்குப் போட்டார். மாநிலப் போலீஸில் சேரலாம், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில் சேரலாம் என்றெல்லாம் சொல்லி மாணவர்களைச் சேர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவில் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்புகள் பல. அரசுக் கல்லூரிகளும் பழைய தனியார் கல்லூரிகளும் பெறுவது வட்டாரத் தரச்சான்று. வெஸ்ட்வுட்டிடம் அது இல்லை. இலினாயின் பல காவல் அமைப்புகளோ வட்டாரத் தரச்சான்று உள்ள கல்லூரியின் பட்டத்தை மட்டுமே ஏற்றன. எழுபதாயிரத்துக்கு மேல் செலவழித்து வாங்கிய பட்டத்தை எடுத்துக்கொண்டு போனவரிடம், இது செல்லாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு கல்லூரிக்கு மாற நினைத்தாலும் அங்கே படித்த பாடங்கள் கணக்கில் சேரவில்லை.

2015இல் சமரசமாகி, இலினாய் மாணவர்கள் கல்லூரியிடமே வாங்கியிருந்த தனியார் கடனில் ஒன்றரைக் கோடி டாலர் தள்ளுபடியானது. 2016இல் கல்லூரி மூடப்பட்டது. 2022இல் மத்தியக் கல்வித்துறை அந்தக் கல்லூரியின் 79,000 முன்னாள் மாணவர்களுடைய அரசுக் கடன் 150 கோடி டாலரை மொத்தமாக ரத்து செய்தது. வழக்கு தொடுத்ததிலிருந்து பத்து வருடம். அதற்குள் அந்த மாணவர்களின் இருபதுகள் போய்விட்டன.

மினசோட்டாவில் நடந்தது இதைவிடத் துல்லியமான பாடம். அந்த மாநிலத்தில் போலீஸ் ஆக இரண்டாண்டுப் பட்டமாவது கட்டாயம். அதுவும் மாநிலக் காவலர் உரிம வாரியம் ஏற்ற படிப்பாக இருக்க வேண்டும். நன்னடத்தை அதிகாரி ஆக நான்காண்டுப் பட்டம் வேண்டும். குளோப் பல்கலைக்கழகமும் மினசோட்டா ஸ்கூல் ஆஃப் பிசினஸும் வாரியம் ஏற்காத கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பை வைத்துக்கொண்டு போலீஸ் ஆகலாம் என்றன. இரண்டாண்டுப் படிப்பைக் காட்டி நன்னடத்தை அதிகாரி ஆகலாம் என்றன. மாநிலம் 2014இல் வழக்குப் போட, 2016இல் அது மோசடி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டு வழக்கிலும் ஏமாந்தவர்கள் படிப்பில் மந்தமானவர்கள் இல்லை. அவர்கள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான். சேர்க்கை அலுவலரிடம் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியது காவல் அமைப்பின் ஆள்சேர்ப்புப் பிரிவிடம். இந்தப் பட்டம் இருந்தால் உங்களிடம் விண்ணப்பிக்கலாமா, இந்தக் கல்லூரியை ஏற்கிறீர்களா என்று ஒரு தொலைபேசி அழைப்பு. அங்கே வேலை பார்ப்பவருக்கு உங்களைக் கல்லூரியில் சேர்த்துக் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை.

பட்டம் எங்கே பணம் தருகிறது

பட்டமே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் என்று எடுத்துக்கொண்டால் தவறு. பட்டம் இல்லாமல் நகர முடியாத இடங்கள் இருக்கின்றன. மாவட்ட, மாநில, மத்திய நன்னடத்தைப் பணி ஒன்று. எஃப்பிஐ சிறப்பு முகவர் பதவி இன்னொன்று: நான்காண்டுப் பட்டமும், பொதுவாக இரண்டு வருட முழுநேர வேலை அனுபவமும், 23 வயதும் ஆகியிருக்க வேண்டும். பதவி உயர்விலும் பட்டம் பேசுகிறது. நியூயார்க் நகரப் போலீஸில் சார்ஜென்ட், லெஃப்டினன்ட் என்று ஏற ஏறக் கல்லூரிப் பாடப் புள்ளிகள் (கிரெடிட்) கூடுதலாக வேண்டும். கேப்டன் ஆவதற்கு இளநிலைப் பட்டமே வேண்டும். அடிநிலையில் சேர்வதற்கோ, ஆள் கிடைக்காத நெருக்கடியில், 60 புள்ளி என்றிருந்த தேவையை 2025இல் 24 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

இந்த இடங்களில் ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஏதாவது ஒரு பட்டத்தை. கேப்டன் ஆக வரலாறு படித்திருந்தாலும் சரி. நன்னடத்தைப் பணிக்கு உளவியலும் சமூகப் பணியும் சம தகுதி. எஃப்பிஐயோ கணக்கியல், சட்டம், கணினி, அயல்மொழி தெரிந்தவர்களைத் தேடுவதாக வெளிப்படையாகவே சொல்கிறது. போலீஸ் ஆக முடியாமல் போனால், முதுகு பிடித்தாலோ உடல்தகுதித் தேர்வில் தோற்றாலோ, கணக்கியல் படித்தவருக்கு இன்னொரு தொழில் காத்திருக்கிறது. கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தவருக்கு மிஞ்சுவது 38,000 டாலர் செக்யூரிட்டி வேலையாக இருக்கலாம். இந்தப் பாடத்தின் மேல் உண்மையான ஈடுபாடு உள்ளவர் அதையே எடுக்கட்டும். பக்கத்தில் ஸ்பானிஷோ கணக்கியலோ துணைப்பாடமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

குறிப்பாக இந்தப் பட்டத்துக்கே காசு கொடுத்த மாநிலமும் உண்டு. மாசசூசெட்ஸில் 1970இல் வந்த குவின் சட்டப்படி, காவல் சார்ந்த பட்டம் உள்ள காவலருக்கு அடிப்படைச் சம்பளத்தில் கூடுதல் தொகை: இரண்டாண்டுப் பட்டத்துக்கு 10 சதவீதம், இளநிலைக்கு 20, முதுநிலைக்கு 25. கடனை எளிதில் நியாயப்படுத்தும் தொகை. நடந்தது என்னவென்றால், அந்த ஊக்கத்தொகையைக் குறிவைத்தே பட்டம் அச்சடிக்கும் கல்லூரிகள் கிளம்பின. விதிகளை இறுக்க வேண்டியதாயிற்று. 2009 நிதி நெருக்கடியில், நகரங்களோடு பகிர்ந்துவந்த இந்தச் செலவில் மாநிலம் தன் பாதிப் பங்கைக் கைவிட்டது, புதிதாக வருபவர்களுக்குத் திட்டத்தை மூடியது. மாநிலம் தராத பாதியை நகரங்கள் ஈடுகட்டத் தேவையில்லை என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஊக்கத்தொகையை நம்பி வாங்கிய கடன் அப்படியே நின்றது.

1960களின் ஏற்பாடு இன்றும் ஓரளவு கிடைக்கிற வழி ஒன்று உண்டு: முதலில் சேர்ந்துவிட்டு, பிறகு படிப்பது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் காவல் அமைப்புகள் நிறைய. பணிக்காலமும் ஓய்வூதிய ஆண்டுகளும் படிக்கும்போதே ஏறிக்கொண்டிருக்கும். இரவுப் பணி முடித்துவிட்டு வகுப்பில் உட்காருவது சுகமான காரியம் இல்லை. பாதியில் விடுகிறவர்களும் உண்டு. பணக்கணக்கில் மட்டும் பார்த்தால் இதை அடிக்க வேறு வழி இல்லை.

பொதுச்சேவைத் தள்ளுபடியும் புது விதிகளும்

2007 சட்டத்தில் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி இந்தத் துறைக்கு மற்ற எதையும்விட முக்கியம். அரசு அமைப்பிலோ லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்தபடி தகுதியான திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டினால், மிஞ்சிய மத்திய அரசுக் கடன் ரத்து. போலீஸ், சிறை, நன்னடத்தை, அரசு வழக்கறிஞர் அலுவலகம் எல்லாம் இதில் அடங்கும். எந்த வேலை என்பதைவிட யார் சம்பளம் போடுகிறார் என்பதுதான் இங்கே கேள்வி. மாநிலச் சிறையில் காவல் நிற்பவருக்குத் தள்ளுபடி உண்டு. அதே மாநிலத்தின் கைதிகளை ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் லாப நோக்குத் தனியார் சிறையில் அதே சீருடை வேலை பார்ப்பவருக்கு இல்லை. வங்கியிடம் வாங்கிய தனியார் கடனுக்கும் இல்லை.

2025 ஜூலையில் கையெழுத்தான வரி, செலவுச் சட்டம் 2026 ஜூலை 1 முதல் அடைக்கும் முறையை மாற்றுகிறது. அதற்குப் பின் கடன் வாங்குகிறவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று நிலையான தவணை. 25,000 முதல் 50,000 டாலர் வரையான கடனுக்கு அது 15 ஆண்டு. நம் 27,000 டாலர் மாணவருக்கு மாதம் 307 என்பது 235 ஆகக் குறையும், கட்டும் வட்டி மொத்தத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கூடும். மற்றது வருமானத்தைப் பொறுத்த தவணை: ஓய்வூதியப் பிடித்தம் போன்றவை போக ஆண்டு வருமானம் நாற்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில் இருந்தால் அதில் 4 சதவீதம், அதாவது நம் நன்னடத்தை அதிகாரிக்கு மாதம் 148 டாலர். பொதுச்சேவைத் தள்ளுபடிக்கு இந்த இரண்டாவது வழி செல்லும். ஆனால் சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறும். கடன் சிறியதாகவும் பணி உயர்வு வேகமாகவும் இருந்தால் பத்தாண்டு முடிவில் தள்ளுபடி செய்ய அதிகம் மிஞ்சியிருக்காது. பெரிய கடனும் குறைந்த அரசுச் சம்பளமும் உள்ளவருக்குத்தான் இது உயிர்நாடி. பத்து வருடம் கழித்துக் கிடைக்கும் தள்ளுபடியை நம்பி இன்றைக்கு 75,000 கடன் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். காவல் பணியில் சேர்ந்து சில வருடத்தில் விலகுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பெற்றோர் பெயரில் வாங்கும் கடனுக்கு இதே சட்டம் ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு கட்டியிருக்கிறது. முதுநிலைப் படிப்புக்கு வரம்பில்லாமல் கிடைத்துவந்த அரசுக் கடனும் புதியவர்களுக்கு நின்றுபோகிறது. கிரிமினல் ஜஸ்டிஸில் முதுநிலைப் பட்டத்தைக் கடன் வாங்கிப் படிப்பதில் எனக்கு எப்போதுமே நம்பிக்கை இருந்ததில்லை. மேலதிகாரி ஆகும் தறுவாயில், நிறுவனச் செலவில் படித்தால் சரி.

கடனைப் பற்றி இன்னொன்று, இந்தத் துறைக்கே உரியது. போலீஸ் வேலைக்கான பின்னணி விசாரணையில் விண்ணப்பதாரரின் கடன் வரலாற்றையும் புரட்டிப் பார்ப்பார்கள். கடனில் மூழ்கியவர் லஞ்சத்துக்கு வளைவார் என்பது அவர்கள் பயம். எஃப்பிஐயில் இது எழுதப்பட்ட விதி: மத்திய அரசு உத்தரவாதம் தந்த கல்விக்கடனைக் கட்டாமல் தவறியவர் அங்கே எந்தப் பணிக்கும் நேரடியாகத் தகுதியிழக்கிறார். கடுங்குற்றத் தண்டனை பெற்றவரும் அதே பட்டியலில்தான் இருக்கிறார். தவணை தவறி 270 நாள் ஆனால் அரசுக் கடன் தவறிய கடன் ஆகிவிடும். எஃப்பிஐ கனவில் வாங்கிய கடனே எஃப்பிஐ வாசலை அடைக்கலாம். தவணை முடியாது என்று தெரிந்த மாதமே வருமானம் சார்ந்த திட்டத்துக்கு மாறிவிடுபவருக்கு இந்த ஆபத்து இல்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அமெரிக்க அரசுக் கடனும் பெல் மானியமும் அவர்களுக்குக் கிடையாது. மாநிலத்தவர் கட்டணமும் பெரும்பாலும் கிடையாது. எஃப்பிஐ உள்ளிட்ட மத்தியப் பணிகள் குடியுரிமை கேட்கின்றன. உள்ளூர்க் காவல் பணிகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்பவை. ஆராய்ச்சிக்குப் போகலாம், வேலையை நம்பி இந்த இளநிலைப் பட்டத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய இடம் கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளம். கல்லூரிவாரியாக மட்டுமின்றிப் பாடவாரியாகவும் பட்டதாரிகளின் நடு வருமானத்தையும் கடனையும் அது காட்டும். இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே வருமானத்தில் பத்தாயிரம் டாலர் வித்தியாசம் தெரிந்தால் உடனே பாடத்திட்டத்தைப் புகழ வேண்டாம். ஒன்று கலிஃபோர்னியாவிலும் மற்றது மிசிசிப்பியிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடன் பத்தியில் தெரியும் வித்தியாசம் மட்டும் கல்லூரியுடையது.

2026 ஜூலையில் தொடங்கும் இன்னொரு சோதனையும் இதை ஒட்டியதே. படித்து முடித்து நான்கு வருடம் ஆன பட்டதாரிகளின் நடு வருமானம், அதே மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நின்ற 25 முதல் 34 வயதுக்காரர்களின் வருமானத்தைவிடக் குறைவாக இருந்தால், மூன்றில் இரண்டு ஆண்டு அப்படி நேர்ந்தால், அந்தப் படிப்புக்கு அரசுக் கடன் நிறுத்தப்படும். நான்காண்டு கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டைத் தாண்டிவிடும் என்றே எண்ணுகிறேன். இரண்டாண்டுப் பட்டங்களில் சில தடுக்கி விழக்கூடும். ஆனால் இந்தச் சோதனை வருமானத்தை மட்டும் அளக்கிறது. மாணவர் எவ்வளவு கடன் சுமக்கிறார் என்பதை அது கேட்பதில்லை. 48,000 டாலர் வேலைக்கு 10,000 கடனோடு அனுப்பும் கல்லூரியும் 75,000 கடனோடு அனுப்பும் கல்லூரியும் இதில் ஒரே மதிப்பெண் வாங்கித் தேறிவிடும்.